விடைக்குறிப்பு: சேலம் சமவெளியும் ஒரு பல்கலைக்கழகமும்

2022 ஜூலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாறு இரண்டாம் பருவத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று கேட்கப்பட்டது. தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது? மகர், நாடார், ஈழவர், அரிசன் என நான்கு விடைகள் தரப்பட்டு ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லப்பட்டிருந்தது. தாளின் தலைப்பு, 1800 முதல் 1947 வரையிலான தமிழ்நாட்டு விடுதலை இயக்க வரலாறு. பெரியார் பெயரில் இயங்கும் நிறுவனம் இப்படிக் கேட்கலாமா என்று பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் சில நாட்கள் பொங்கின. விசாரணை என்றார்கள். பிறகு வழக்கம்போல் வேறு செய்தி வந்துவிட்டது.

இந்த அமளியில் பலர் கவனிக்காமல் விட்டது, துணைவேந்தர் அப்போது சொன்ன சமாதானம். வினாத்தாளைத் தயாரித்தவர்கள் வெளி நிறுவனங்களின் ஆசிரியர்கள். கேள்விகள் முன்கூட்டியே கசிந்துவிடக் கூடாது என்பதால் தேர்வுக்கு முன் பல்கலைக்கழகத்தில் யாரும் தாளைப் படித்துப் பார்ப்பதில்லை. அப்படின்னா, படிக்காமல் இருப்பதுதான் நடைமுறை. இதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே கொடுத்த வாக்குமூலமாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் என்று நாம் அழைத்துவரும் அமைப்பு எத்தகையது என்பதை இவ்வளவு சுருக்கமாக அதன் விமர்சகர்கள்கூடச் சொன்னதில்லை.

கேள்வியை எழுதியவர் சாதிவெறியரா என்ற ஆராய்ச்சி தேவையற்றது. அவர் அப்படி இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மதிப்பெண் கேள்வி என்கிற வடிவத்துக்கு ஒரே ஒரு சரியான விடை வேண்டும். விடைக்குறிப்பில் அந்த எண்ணுக்கு நேரே ஓர் எழுத்து வேண்டும். 'தாழ்த்தப்பட்ட' என்ற சொல்லுக்குள் தாழ்த்தியவன் ஒருவன் இருக்கிறான். அவன் யார், எப்போது, நிலத்தைக் கொண்டா, கோயிலைக் கொண்டா, எழுத்தைக் கொண்டா தாழ்த்தினான் என்று கேட்க ஆரம்பித்தால் இருபது மதிப்பெண் விடைக்கும் அடங்காது. 'தாழ்ந்த' என்று எழுதிவிட்டால் அவன் மறைந்துபோகிறான். காவிரி பிறக்கும் இடம் எது என்பதைப் போல அது ஒரு தகவல். தகவலுக்கு விடைக்குறிப்பு எழுதலாம். மகர் மகாராஷ்டிரம், ஈழவர் கேரளம் என்று கழித்துக்கொண்டு வரும் மாணவர், மிச்சமிருக்கும் இரண்டில் எது என்று பேனாவை நிறுத்தி யோசிக்கும் அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். அவர் அந்த இரண்டில் ஒன்றில் பிறந்தவராகவும் இருக்கலாம். 'அரிசன்' என்பது எந்தச் சாதியின் பெயரும் இல்லை, 1930-களில் காந்தி புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, அம்பேத்கர் ஏற்க மறுத்தது. வரலாற்றுத் தாளில் இப்படியொரு வரலாற்றுப் பிழையும் சேர்த்தி.

சாதியைத் தகவலாக்கும் இந்த வேலை கருப்பூர் வளாகத்தில் தொடங்கியதில்லை என்பதை நாம் அறிவோம். 1883-ல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவலும் 1918-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரும் மண், மழை, பயிர், நோய் ஆகியவற்றோடு சாதியையும் ஒரு தலைப்பாக்கி அடுக்கின. 1901 குடிக்கணக்கில் ரிஸ்லி, சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தச் சொன்னார். உடனே நாடெங்கும் எங்கள் சாதியை மேலே போடு என்று சங்கங்கள் மனுக்களோடு கிளம்பின. அந்த மனுக்களின் அரசியல் அபத்தமானதுதான். ஆனாலும் குடிக்கணக்கு அதிகாரிக்கு, இது தகராறுக்குரிய விஷயம் என்பதாவது மனுக்களின் வழியே தெரிந்தது. தேர்வறையில் மனுவுக்கு இடமில்லை. மூன்று மணி நேரம், ஓ.எம்.ஆர். தாளானால் கறுப்பு மையால் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் 1857-க்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலை. பாடத்திட்டம் வகுத்து, தேர்வு வைத்து, பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. அரை நூற்றாண்டுக்கு மேல் அது கற்பிக்கவே இல்லை. இணைப்புக் கல்லூரிகளை மேய்க்கும் ஒரு தேர்வு அலுவலகமாகத்தான் இருந்தது. ஆசிரியரையும் தேர்வாளரையும் பிரித்து வைத்த இந்த ஏற்பாட்டில், கற்பிப்பவருக்குத் தன் மாணவரை மதிப்பிடும் அதிகாரம் இல்லை. மதிப்பிடுபவருக்கு மாணவரின் முகம் தெரியாது. பி.ஏ. ஃபெயில் என்பதையே ஒரு தகுதியாகப் போட்டுக்கொண்ட தலைமுறை இந்த ஏற்பாட்டின் விளைச்சல். பின்னால் வந்த பல்கலைக்கழகங்களில் 1929-ல் தோன்றிய அண்ணாமலை மட்டும் உறைவிடப் பல்கலைக்கழகமாக வேறு வழியில் போனது. மதுரை 1966, பாரதியாரும் பாரதிதாசனும் 1982, மனோன்மணியம் சுந்தரனார் 1990, பெரியார் 1997 என்று சென்னையின் வயிற்றிலிருந்தும் அதன் பிள்ளைகளின் வயிற்றிலிருந்தும் பிறந்தவை எல்லாமே ஒரு பகுதிக் கல்லூரிகளைத் தேர்வோடு பிரித்து வாங்கிக்கொண்டவைதாம். சேலத்தில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலை விரிவாக்க மையம்தான் பெரியார் பல்கலைக்கழகத்தின் கரு.

சேலத்தில் கல்லூரி என்பது பல்கலைக்கழகத்தைவிட நூறாண்டுக்கு மேல் மூத்தது. 1857-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கி 1879-ல் இரண்டாம் நிலைக் கல்லூரியாக உயர்ந்து, நகராட்சிக் கல்லூரியாகப் பெயர்பெற்று, இன்று அரசு கலைக் கல்லூரியாக இருப்பது அது. ஒரு நகராட்சி கல்லூரி நடத்தியது என்பதையே இன்றைய நகராட்சிகளைப் பார்க்கும் நமக்கு நம்ப முடியாது.

அதே காலத்துச் சேலத்துக்காரர் ஒருவரைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். சேலம் இராமசுவாமி முதலியார், முன்சீபு. 1880-ல் கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த இடத்தில், அங்கே கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம், கோவை என்று ஐயர் நீளமாகப் பட்டியல் போடுகிறார். அதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் முதலியார், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். படித்ததில்லை. ஏடு கைக்கு வருகிறது. 1887-ல் சிந்தாமணி அச்சாகிறது. பிறகு நடந்தது இலக்கிய வரலாறு. இங்கே கவனிக்க வேண்டியது, முதலியாரின் கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்தது என்பது. கேட்டவரிடம் விடைக்குறிப்பு இல்லை, ஓர் ஏட்டுப்பிரதிதான் இருந்தது. சேலத்தோடு தொடர்புடைய இந்த இரண்டு கேள்விகளையும், 1880-ல் கேட்கப்பட்டதையும் 2022-ல் கேட்கப்பட்டதையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு உதாரணம் நகராட்சிக் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. 1944 முதல் 1956 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் தேவநேயப் பாவாணர். கல்லூரி முதல்வர் இராமசாமிக் கவுண்டர் தமிழ்ப் பற்றாளர். சேலத்து ஆண்டுகள்தாம் பாவாணர் ஓரளவு நிம்மதியாக எழுதிய ஆண்டுகள். அவரிடம் அங்கே படித்தவர்தான் பின்னாளில் 'தென்மொழி' நடத்திய பெருஞ்சித்திரனார். தமிழரின் பிறப்பிடம் குமரிநாடே என்று பாவாணர் எழுதிக் கொடுத்த ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்தது. குமரிக்கண்டக் கோட்பாட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. வேர்ச்சொல்லை வைத்து உலக வரலாற்றை எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை சில நேரங்களில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். அது வேறு விவாதம். அந்தக் கல்லூரி ஒரு மாவட்டத் தலைநகரின் சிறிய கல்லூரி, ஆராய்ச்சித் துறை கிடையாது, நிதிநல்கை கிடையாது. அங்கே இருந்த ஆசிரியர் ஒருவர் தேர்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரிய கேள்வியோடு பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்புக்குப் போய் வந்தார், அந்தக் கேள்வி மாணவர் ஒருவரைத் தொற்றியது, அவர் வழியாக ஓர் இதழும் இயக்கமும் உருவாயின. பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டென்றால் இதுதானே அது? ஆனால் அன்று பட்டம் தரும் இடம் சேலத்தில் இல்லை, சென்னையில் இருந்தது. உடனே இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டாம். அந்த வகுப்பறைகளில் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்று கேட்டால், நெசவுக்குழியிலிருந்தும் ஏரோட்டும் காட்டிலிருந்தும் சேரியிலிருந்தும் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

யாரைப் படிக்க வைப்பது என்ற கேள்வியில் இந்த ஊருக்கு ஒரு தனி வரலாறு உண்டு. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, 1917-ல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, முதலமைச்சராக 1953-ல் கொண்டுவந்த திட்டம்: பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி அதை எதிர்த்தவர் பெரியார். 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் அதைக் கைவிட்டார். அதற்குப் பத்தாண்டு முன்னால், 1944 ஆகஸ்ட் 27-ல், இதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகிறது. வெள்ளைக்காரன் கொடுத்த சர், ராவ்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று அண்ணாதுரையின் தீர்மானம் அங்கே நிறைவேறியது. பட்டங்களைத் தூக்கியெறியச் சொன்ன ஊரில் 53 ஆண்டுகள் கழித்துப் பட்டம் கொடுக்க ஒரு நிறுவனம், அதுவும் பட்டத்தைத் துறக்கச் சொன்னவரின் பெயரில்.

1997 என்ற ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் தனியாக இயங்கத் தொடங்கியது அந்த ஆண்டின் முதல் நாள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயர் சூட்டியதற்கு எதிராகத் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டதும் அந்த ஆண்டுதான். ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். அரசு என்ன செய்தது? மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களை மொத்தமாக நீக்கியது. சேலத்தில் ஓடிய அண்ணா போக்குவரத்துக் கழகமும் பெயரிழந்தது. பக்கத்துப் பெரியார் மாவட்டம் ஈரோடு மாவட்டமானதும் அந்த ஆண்டுகளில்தான். சாதியோடு மோதுவதற்குப் பதில் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். இப்படி எல்லா இடத்திலும் பெயர்கள் இறக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் 17, பெரியார் பிறந்த நாளில், சேலத்தில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பேருந்தில் எழுதினால் தகராறு வரும் பெயரைப் பல்கலைக்கழகத்தில் எழுதினால் வராது என்ற கணக்கு யாருக்காவது இருந்ததா என்று சொல்ல முடியாது. நடந்தது அதுதான். அங்கே பெயர் யாருக்கும் தொந்தரவு தரவில்லை, ஏனென்றால் அது முகப்பிலும் மதிப்பெண் பட்டியலின் தலைப்பிலும் மட்டுமே இருந்தது.

இவ்வளவு சொன்னபிறகு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் மிகப்பெரிய பலம் அது பக்கத்தில் இருப்பது. பெங்களூர் நெடுஞ்சாலையில் கருப்பூரில் இறங்கினால் போதும். ஆத்தூரிலிருந்தோ மேட்டூரிலிருந்தோ ஒரு பெண் காலையில் பேருந்து பிடித்து வந்து எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். சென்னைக்கு அனுப்ப மறுக்கும் அப்பன்கள் சேலத்துக்குச் சம்மதிக்கிறார்கள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். இது சின்னத் தொகை என்று சொல்பவர்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் அந்த ஆயிரம் என்னவாகிறது என்று தெரியாதவர்கள். 2009-ல் அருந்ததியர்க்கு வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு இந்தச் சமவெளியில் காகிதத்தில் தங்கிவிடவில்லை, வகுப்பறைக்குள் வந்தது. ஆதிதிராவிடர் நல விடுதியின் சாப்பாட்டையும் கழிப்பறையையும் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் அந்த விடுதி இல்லையென்றால் படிப்பே இல்லை என்றிருந்தவர்கள் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். கருப்பூர் வளாகத்தில் 27 துறைகள் உருவாகியிருக்கின்றன. மேக்னசைட்டும் இரும்பும் கிடக்கும் மண்ணில் நிலவியல் துறை, தறி ஓடும் ஊரில் துணியியல் துறை என்று சில தேர்வுகள் நிலம் அறிந்து செய்யப்பட்டவை. நாமக்கல்லில் 1985-ல் வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்றாலும், கோழிப்பண்ணைக்காரர்கள் செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு பரிசோதனைக்கு ஓடும் இடமாக அது இருப்பதை, கல்வி நிறுவனத்துக்கும் ஊருக்கும் இடையே இருக்க வேண்டிய போக்குவரத்துக்கு உதாரணமாகச் சொல்லலாம்.

ஆனால் 27 துறைகள் பல்கலைக்கழகத்தின் சிறு பகுதிதான். நான்கு மாவட்டங்களில் பரவிய நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள்தாம் அதன் உடல். அந்த உடலோடு பல்கலைக்கழகத்துக்கு இருக்கும் உறவு கட்டண உறவு. இணைப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மறுமதிப்பீட்டுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு தரும் நல்கை போதாமல் போகப் போக, இந்தக் கட்டணங்களும் தொலைநிலைக் கல்வியும்தான் சம்பளம் போட உதவின. இங்கே தேர்வு என்பது கல்வியின் ஒரு பகுதியாக இல்லாமல் வருமானத்தின் ஒரு பகுதியாக மாறியதைப் புரிந்துகொள்ளாமல் வினாத்தாளைப் புரிந்துகொள்ள முடியாது. அரியர் வைத்திருக்கும் மாணவர் ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு தாளுக்கும் பணம் கட்டுகிறார். 2020 ஆகஸ்டில், கொரோனாவைக் காரணம் காட்டி அரியர் தாள்களில் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது வைத்த நிபந்தனை, தேர்வுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும் என்பது. பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. (பிறகு உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை என்பது தனிக்கதை.)

கற்பிப்பவர் நிலைமையைப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கைத் தாங்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரிலேயே கேலி இருக்கிறது: கௌரவம் உண்டு, சம்பளம் இல்லை. முழுநேர நியமனத் தகுதியுள்ளவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1500, மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்னது. தமிழ்நாட்டில் 2023-ல் உயர்த்தித் தந்ததே 25,000. அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். மே மாதம் அவர்களுக்கு வயிறு கிடையாது என்று அரசு கருதுகிறது. முனைவர் பட்டமும் நெட் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு, கோடையில் ஜவுளிக்கடையில் நிற்பவர்களையும் லாரிப் பட்டறையில் கணக்கெழுதுபவர்களையும் எனக்குத் தெரியும். இவர்களிடம் போய் விடைக்குறிப்புக்கு வெளியே ஒரு கேள்வி எழுப்புங்கள் என்று கேட்பது அநியாயம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்கள் கையில் இருந்தவை நூல்கள் என்று சொல்ல முடியாது, நோட்ஸ். அந்த நோட்ஸ் எங்கள் வாத்தியார் மாணவராக இருந்தபோது எடுத்தது. எட்டுத்தொகையை முழுதாகப் பார்க்காமல் எட்டுத்தொகையில் முதல் வகுப்பு வாங்கலாம். வாங்கினோம்.

நாமக்கல் பக்கம் வந்தால், இந்த இயந்திரத்தின் பள்ளிக்கூட வடிவத்தை அதன் உச்சத்தில் காணலாம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு உறைவிடப் பள்ளிகள் தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் தமிழ்நாடு முழுக்கப் பிரபலம். ராமநாதபுரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் நிலத்தை விற்றுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைப்பது அங்கே புழங்கிய முறை. பிராய்லர் பள்ளி என்று யார் முதலில் சொன்னார்களோ, கோழிப்பண்ணை நடத்துபவர்களின் ஊரில் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. ஆழ்துளைக் கிணறு போடும் லாரியிலும் கோழியிலும் சேர்ந்த முதல் அடுத்துப் பள்ளிக்கூடத்தில் இறங்கியது, பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரிக்கு நகர்ந்தது. 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு வைத்தார்கள். பாடத்தை நடத்தாமல் விட்டதற்கு அரசு கண்ட மருந்து இன்னொரு தேர்வு! அது பிறகு கைவிடப்பட்டது.

இப்படிப்பட்ட நிலத்தில் சிந்தனை எங்கே நடந்தது என்று கேட்டால், ஒரு மொட்டைமாடியைக் காட்ட வேண்டியிருக்கிறது. நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன் தன் வீட்டு மாடியில் 'கூடு' என்ற பெயரில் ஆய்வுச் சந்திப்புகள் நடத்தினார். கல்லூரி மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து கட்டுரை வாசித்து, அடிபட்டு, திருத்திக்கொண்டு போனார்கள். மதிப்பெண் இல்லை, வருகைப்பதிவு இல்லை. 2000-ல் வெளிவந்த அவருடைய 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறை ஆள் அமர்த்திப் பத்தாண்டுத் திட்டமாகச் செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு கல்லூரி ஆசிரியர் தனியாகச் செய்தார். வட்டாரத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் என்பதன் நியாயமே அந்த வட்டாரத்தின் சொல்லையும் சாதியையும் உழைப்பையும் அறிவாக மாற்றுவதுதான் என்றால், அந்த நியாயம் கருப்பூருக்கு வெளியே ஒரு மாடியில் நிறைவேறிக்கொண்டிருந்தது.

அதற்கு என்ன நேர்ந்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விரிக்க வேண்டியதில்லை. 2010-ல் வந்த 'மாதொருபாக'னை 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள். 2015 ஜனவரி 12-ல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் 'சமாதானப் பேச்சு' நடந்தது. எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். ஊரைவிட்டுச் சென்னைக்கு மாற்றலாகிப் போனார். 2016 ஜூலை 5-ல் உயர்நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. நீதிமன்றம் நின்றது சரி. எழுத்தாளர்களும் சிற்றிதழ்களும் கட்சிகளும் பேசிய அந்த நாட்களில், கல்விப்புலம் என்று ஒன்று இந்தச் சமவெளியில் இருப்பதற்கான அடையாளமே தெரியவில்லை என்பதை இப்போதாவது பதிவு செய்ய வேண்டும். ஓர் ஆசிரியருக்கு நேர்ந்ததைத் தங்களுக்கு நேர்ந்ததாக ஆசிரியர் சமூகம் உணர வேண்டுமானால், அவர்களை இணைக்கும் உறவு விடைத்தாள் திருத்தும் முகாமைத் தாண்டி இருந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூனில் கோகுல்ராஜ். ஓமலூர்க்காரர், தலித், பொறியியல் முடித்தவர். உடன் படித்த, கவுண்டர் சாதியைச் சேர்ந்த பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் நின்று பேசினார். அங்கிருந்து கடத்தப்பட்டார்; பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். கோயிலின் கண்காணிப்புக் காமிரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் சாதிச் சங்கத் தலைவர் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூன் 2-ல் உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. இந்தக் கொலையைக் கல்வி வரலாற்றில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் வாதம். ஓமலூர்ப் பையனையும் அந்தப் பெண்ணையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தது கல்லூரி. அந்த அளவில் அது குலக்கல்வியை மீறிய காரியத்தைச் செய்தது. ஆனால் அவர்கள் பேசிக்கொள்வதை எப்படி எதிர்கொள்வது என்று அதற்குத் தெரியவில்லை. ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு பெண்களுக்கு ஒரு படிக்கட்டு, பேருந்தில் முன் பாதி பின் பாதி, பேசினால் அபராதம் என்று தனியார் கல்லூரிகளில் 'ஒழுக்கம்' என்ற பெயரில் நடப்பதை இந்தப் பக்கம் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரைக் கவரும் விளம்பரமாகவே அது சொல்லப்படுகிறது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பதைக் கல்லூரி தன் வேலையாக எடுத்துக்கொள்ளும்போது, சாதிச் சங்கத்தின் வேலையில் பாதியை அது ஏற்கெனவே செய்து முடித்துவிடுகிறது. மாணவர் நலன் என்ற தலைப்பில் வேலைவாய்ப்பு முகாமும் ரத்ததான முகாமும் உண்டு. உடன் படிப்பவரோடு பேசியதற்காக ஒரு மாணவர் மிரட்டப்பட்டால் போய்ச் சொல்ல ஓர் அறை எத்தனை கல்லூரியில் இருக்கிறது?

பெயருக்கு வருவோம். 2023 ஜூனில் ஆளுநர் கலந்துகொள்ளும் பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடை அணிந்து வர வேண்டாம் என்று பெரியார் பல்கலைக்கழகப் பதிவாளரின் சுற்றறிக்கை சொன்னது. கறுப்புச் சட்டையைத் தன் இயக்கத்துக்கு அடையாளமாக்கியவரின் பெயர் அந்தச் சுற்றறிக்கையின் தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. கேலி கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் துணைவேந்தர் கைது செய்யப்பட்டதும் பிணையில் வந்ததும், துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்று 2022 மசோதாவிலிருந்து நடந்துவந்த இழுபறியும் பத்திரிகைகளில் நிறைய வந்தன. அந்தச் சண்டையில் நான் மாநில அரசின் பக்கம்தான். எனினும், யார் நியமித்தாலும் வருகிறவர் வினாத்தாளைப் படிக்க மாட்டார் என்ற ஏற்பாடு அப்படியேதான் இருக்கும்.

ஒரு வேலை பாக்கி கிடக்கிறது. 1997-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பருவம், நூற்றுக்கணக்கான தாள்கள். தேர்வுக்கு முன் படிக்கப்படாதவை, தேர்வு முடிந்தபின்பும் படிக்கப்படாதவை. தமிழ், வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் இவற்றின் கேள்விகளை மட்டுமாவது வரிசையாக அடுக்கிப் பார்த்தால், கால் நூற்றாண்டில் இந்தச் சமவெளியில் சாதி பற்றி, பெண் பற்றி, பெரியாரைப் பற்றியே என்னென்ன கேட்கப்பட்டது, எந்தக் கேள்வி வரவே இல்லை என்பது தெரியவரும். 2022-ன் கேள்வி அங்கே தனியாக இருக்கிறதா, கூட்டத்தோடு இருக்கிறதா என்பதும். பல்கலைக்கழகம் இதற்கு அனுமதி தரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அரியர் எழுதுகிறவர்கள் பழைய வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாக வைத்திருப்பார்கள். கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் வருடவாரியாகக் கிடைக்கும். எடைக்குப் போட்டவற்றைப் பழைய பேப்பர்க் கடைகளில் தேடலாம்.